ஒரு நீலக் காரும் இரண்டு கம்பெனிகளும்

போன வாரம் அரியலூர் கடையிலிருந்து ரேவதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கடையை நடத்துவது அவள்தான். இத்தனை வருடம் எங்களுக்குச் சரக்கு அனுப்பிய கோயம்புத்தூர் கம்பெனி கைமாறுகிறதாம். இனிமேல் மருந்துக்கும் பயிற்சிக்கும் வேறு இடம் பார்க்க வேண்டுமாம். கார் வேலையில் நாங்கள் ஷாம்பு, பாலிஷ், கோட்டிங் எல்லாவற்றையும் பொதுவாக மருந்து என்றுதான் சொல்லுவோம்.

"நாலஞ்சு கம்பெனி வந்து நிக்குதுக்கா. எல்லாரும் பளபளன்னு காட்டுறாங்க. எனக்கு ஒண்ணுமே புடிபடல. நீங்க அப்ப எத வெச்சு முடிவு பண்ணீங்க?" என்றாள்.

போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை அது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், கடைசியாக நான் முழுப்பக்கம் எழுதியது பள்ளிக்கூடத்தில் என்பது நினைவுக்கு வந்தது. பரவாயில்லை. அவள் கேட்டுவிட்டாள், நானும் உட்கார்ந்துவிட்டேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. என் பெயர் செல்வி. ஊர் பாடாலூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். நானும் போனேன். ஆனால் நின்ற இடத்திலேயே கனவு காண்கிற பிறவி நான். களைக்கொத்து கையில் இருக்கும், கண் மேகத்தில் இருக்கும். "இவள வயலுக்கு விட்டா களையும் பயிரும் ஒண்ணாப் போயிரும்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்ளும். கல்யாணத்துக்குப் பிறகு ஹைவே ஓரத்து வாட்டர் சர்வீஸ் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். லாரியும் டிராக்டரும் வந்து நிற்கும். பைப்பைப் பிடித்தால் சேறு ஓடும். அங்கே யாரும் என்னைக் கனவு கலையச் சொல்லவில்லை, ஏனென்றால் மோட்டார் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. பல வருடம் அப்படியே ஓடிவிட்டது.

அன்வர் பாய் ஷார்ஜாவிலிருந்து திரும்பி வந்து பெரம்பலூரில் கடை போட்டபோதுதான் என் உண்மையான தொழில் ஆரம்பித்தது. அவருக்கு ஊர் லப்பைக்குடிகாடு. ஷார்ஜாவில் பெரிய ஷோரூமில் கார் டீட்டெயிலிங் செய்தவர். அது என்ன என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கழுவுவதற்கு எதற்கு இவ்வளவு பெரிய ஷெட் என்று கேட்டவர்கள் உண்டு. கழுவுவது வேறு, இது வேறு. வண்டியின் பெயின்ட்டைத் தோல் என்று நினைத்துக்கொண்டால், அந்தத் தோலில் ஒட்டியதை எடுத்து, கீறலை ஆற்றி, மேலே காப்புப் பூசி அனுப்புவது இந்த வேலை.

முதல் நாள் பாய் ஒரு பிளாஸ்டிக் பையை, பலசரக்குக் கடையில் பருப்பு கட்டித் தருகிற மெல்லிய பையை, என் கையில் மாட்டிவிட்டார். அப்போதுதான் கழுவி வைத்திருந்த ஒரு காரைக் காட்டி, "தடவிப் பாரு செல்விம்மா" என்றார். வெறுங்கைக்கு வழுவழு என்று இருந்த பானெட் பைக்குள்ளிருந்து தடவும்போது மணல் கொட்டிய தரையாக நெருநெருத்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இவ்வளவு காலம் கழுவி அனுப்பிய வண்டியெல்லாம் இப்படித்தான் போயிருக்கிறது என்று நினைத்தேன்.

"கண்ண மூடிக்கிட்டுத் தடவு. கண்ணு பொய் சொல்லும்" என்றார் அவர்.

அன்றைக்கு மாலை அந்த வண்டி வேலை முடிந்து நின்றபோது இன்னொன்றும் கண்டேன். பானெட்டில் வானம் இருந்தது. மேகம் ஒன்று மெதுவாக நகர்ந்து கண்ணாடிக்குள் போய் மறைந்தது. குனிந்தபடியே மேகம் பார்க்கக் கிடைக்கிற வேலை உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. அன்றிலிருந்து நான் யாரிடமும் திட்டு வாங்கவில்லை.

பாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. வேலை சரியில்லை என்றால், "இன்னொரு தடவ பாப்பமா?" என்பார். அவ்வளவுதான். கண்ணாடியில் கோடு விழுந்திருந்தாலும் அதே வார்த்தை, ஒருமுறை ஒருவன் புது வண்டியின் கதவில் வாளியை இடித்தபோதும் அதே வார்த்தை. அதட்டினால் மறந்துவிடலாம், அந்த வார்த்தையை மறக்க முடியாது. மருந்து விற்க வருகிறவர்களிடமும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். டீ வாங்கிக் கொடுப்பார், ஊர் விவரம் கேட்பார், சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேச விடமாட்டார். டீ முடிந்ததும் துணியை அவர்கள் கையில் கொடுத்து, "ஒரு கதவத் தொடச்சுக் காட்டுங்க சார்" என்பார். பாதிப் பேர் அங்கேயே போய்விடுவார்கள்.

பெரம்பலூர் கடை நன்றாக ஓடியது. அடுத்து அரியலூரில் ஒன்று போட வேண்டும் என்று பாய் முடிவு செய்தார். கையில் இருந்ததையெல்லாம் அதில் போட்டார். ஷெட் எழும்பியது, கம்ப்ரசர் வந்தது. என்னைக் கூப்பிட்டு, "அரியலூர் ஒன் பொறுப்பு. எந்தக் கம்பெனி மருந்து, யார்கிட்ட ட்ரெய்னிங், எல்லாம் நீயே பாத்து முடிவு பண்ணு. நான் வந்து டீ குடிச்சுட்டுப் போறேன்" என்றார். அன்று நான் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அரியலூர் வேறு உலகம். அங்கே சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமென்ட் ஆலை, ராத்திரி பகலாக லாரி. காலையில் எழுந்து பார்த்தால் நிறுத்தி வைத்த வண்டிகள் எல்லாம் சாம்பல் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். என் மகள் படிக்கும்போது அவளுடைய சயின்ஸ் டீச்சர் சொன்னாராம், இந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் கடலடி, அந்தச் சுண்ணாம்பு முழுக்கச் சிப்பியும் நத்தையும் என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அரியலூர் தூசி வெறும் தூசியாகத் தெரியாது. காரின் மேல் ஒரு பழைய கடல் படிந்திருக்கிறது, நான் அதைக் கலைக்காமல் எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வேலை செய்வேன். சிரிக்க வேண்டாம், வேலை சுத்தமாக வரும்.

அந்தத் தூசியை ஈரத் துணியால் துடைக்கவே கூடாது. ஊரில் எல்லோரும் செய்வது அதுதான். துடைத்தால் கீறும், ஈரம் பட்டால் இறுகும். முதலில் வெறும் காற்று. கம்ப்ரசர் குழாயைத் தள்ளிப் பிடித்து மேலிருந்து கீழே ஊத வேண்டும். பிறகு நிறையத் தண்ணீர், கை படாமல். பிறகு நுரை. அப்புறமும் வெள்ளைப் புள்ளி இருந்தால் புளிப்பு வாடை அடிக்கும் ஒரு மருந்தைத் தெளித்து, காய விடாமல் கழுவ வேண்டும். அடுத்தது களிக்கட்டி. பூரி மாவு பதத்தில் பிசைந்து வழுக்கவிட்டால் ஒட்டிக்கொண்டதெல்லாம் அதில் ஏறிக்கொள்ளும். பிறகு பாலிஷ் மெஷின். கடைசியாகக் கோட்டிங். சின்னக் கட்டையில் துணியைச் சுற்றி, சில சொட்டு விட்டு, குறுக்கும் நெடுக்குமாகப் பூச வேண்டும். பூசிவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் பெயின்ட்டின் மேல் வானவில் நிறம் ஒன்று கசியும். அது தெரிந்ததும் துடைக்க வேண்டும். முந்தினாலும் கெட்டது, பிந்தினாலும் கெட்டது. ஒன்றும் செய்யாமல் வானவில்லுக்குக் காத்திருப்பதற்குச் சம்பளம் கொடுக்கிற தொழில் வேறு எது இருக்கிறது சொல்லுங்கள்.

கடைசியில் இரண்டு கம்பெனிகள் மிஞ்சின. ஒன்று சென்னை, ஒன்று கோயம்புத்தூர்.

சென்னைக் கம்பெனியின் பயிற்சியாளர் விக்னேஷ். சின்ன வயது, மரியாதையான பையன். "மேடம், பாருங்க" என்று ஆரம்பித்து ஒவ்வொன்றையும் அழகாகச் சொல்லித் தருவார். அவருடைய கோட்டிங்கை ஒரு பழைய கதவில் பூசிக் காட்டினார். அதற்கு முன் அப்படி ஒரு பளபளப்பை நான் பார்த்ததில்லை. கதவுக்குள் குளம் இருந்தது. அந்த ராத்திரி எனக்குக் கனவே வந்தது. கனவில் கறுப்புக் கார் ஒன்றுக்குள் கையை விட்டால் முழங்கை வரை ஈரம்.

கோயம்புத்தூர்க்காரர் நடராசு. நேர்மாறு. தொப்பை, வியர்வை, ஓயாத பேச்சு. வந்ததிலிருந்து எங்கள் ஊர்த் தண்ணீரைக் குறை சொன்னார். "இந்தத் தண்ணியில எப்புடீங்க டீ போடறீங்க?" என்று கேட்டுக்கொண்டே மூன்றாவது டீயைக் குடித்தார். வடை தின்ற கையோடு மைக்ரோஃபைபர் துணியைத் தொட்டார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய கோட்டிங்கும் நல்லதுதான், ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு மாற்றுக் குறைவு. குளம் இல்லை, ஈரத் தரை. சென்னைக் கம்பெனிதான் என்று நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

முடிவைச் சொல்லுமுன் உண்மையான வண்டி ஒன்றில் பார்த்துவிடலாம் என்றார் பாய். அப்போது வந்தவர்தான் முருகேசன். ஆண்டிமடம் பக்கத்தில் முந்திரித் தோப்பு. வாழ்நாள் முழுக்க மோட்டார் சைக்கிளில் போனவர், முதல் முறையாகக் கார் வாங்கியிருந்தார். கரு நீலம். ஷோரூமிலிருந்து நேராக எங்களிடம் கொண்டுவந்தார். முந்திரி வியாபாரிகள் பாதிப் பேருக்கு அவர் சொல்தான் சொல். இந்த வண்டி நன்றாக வந்தால் அத்தனை பேரும் வருவார்கள், கெட்டால் அரியலூரில் எங்கள் ஷெட் கதவைத் திறக்கவே வேண்டியதில்லை. பாய் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அன்று அவர் டீயை ஆற விட்டுவிட்டார்.

விக்னேஷ் பக்கத்தில் நின்று சொல்லித்தர, நான் பூசினேன். முருகேசன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கிளம்பும்போது விக்னேஷ் அவரிடம் ஒரு அட்டையைக் கொடுத்து, "சார், ஒரு வாரம் தண்ணி படக்கூடாது. கழுவாதீங்க, ஈரத் துணி போடாதீங்க. வெயில்ல நின்னா ஒண்ணும் இல்ல, நல்லதுதான்" என்றார். நானும் அதையே இன்னொரு முறை சொன்னேன். முருகேசன் பத்திரமாகத் தலையாட்டினார்.

ஒரு வாரம் கழித்து வண்டி திரும்பி வந்தது. அன்றைக்கு விக்னேஷும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வந்திருந்தார். நடராசுக்கும் அன்றுதான் தன் சரக்கை இன்னொரு முறை பூசிக் காட்ட நாள் கொடுத்திருந்தார் பாய். இருவரும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

முருகேசன் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார். அந்தப் பக்கம் அவர் மனைவி தனலட்சுமி இறங்கி, வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பானெட்டின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம். அதிலிருந்து மூன்று கோடுகள் வழிந்து விளக்கு வரை இறங்கியிருந்தன. செம்பழுப்பாக, காய்ந்து, ஓரம் வெளுத்து. கரு நீலத்தில் அது தூரத்திலிருந்தே தெரிந்தது.

"என்னங்க இது?" என்றார் முருகேசன். "ஊரெல்லாம் கேக்குறான், புது வண்டிக்கு என்ன வியாதின்னு."

நடந்தது இதுதான். எங்களிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கொள்ளிடக் கரையில் இருக்கும் திருமழபாடி கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் குடும்பத்தில் எந்த நல்ல காரியத்துக்கும் அந்தக் கோயில்தான். சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், எல்லாம் ஆகியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் தனலட்சுமி ஆரத்தி கரைத்து வண்டியைச் சுற்றி, மூன்று விரலால் எடுத்துப் பானெட்டில் ஒரு பொட்டு வைத்திருக்கிறார். புது வண்டி, புதுப் பெண், புதுப் பிள்ளை, எது வாசலுக்கு வந்தாலும் நம் வீடுகளில் செய்கிறதுதான். யாராக இருந்தாலும் மறுநாள் காலை ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றித் துடைத்திருப்பார்கள். ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் தனலட்சுமி துடைக்கவில்லை.

"தண்ணி படக்கூடாதுன்னு சொன்னீங்களேம்மா" என்றார் என்னைப் பார்த்து. "கோழி ஏறாம, பேரப்புள்ளைவ தொடாம, வெய்யில்ல நிறுத்தி வெச்சு நான்தான் பக்கத்துலயே காவ காத்தேன். அந்தப் பொட்டக்கூட தொடல. ஈரத்துணி போடக்கூடாதுன்னாங்கன்னு தொடல."

ஆரத்தி என்றால் மஞ்சளும் சுண்ணாம்பும். காயாத கோட்டிங்கின் மேல் சுண்ணாம்பு, அதன்மேல் ஒரு வார வெயில். சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்டதால் வந்த வினை.

விக்னேஷ் அட்டையை எடுத்துப் பார்த்தார். "சார், இதுல போட்டிருக்கு. எந்த ரசாயனப் பொருளும் படக்கூடாதுன்னு" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"மஞ்சளும் சுண்ணாம்பும் ரசாயனமாங்க?" என்றார் தனலட்சுமி.

"ஒரு வகையில ஆமா மேடம். எங்க தரப்புல தப்பு இல்ல. வேணும்னா அட்டையில இன்னொரு வரி சேத்துடறோம், பூஜைப் பொருள் எதுவும் வைக்கக்கூடாதுன்னு."

முருகேசன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்க" என்றார். "ஒன் ஆரத்தி இல்லாம வண்டி ஓடாதா?" தனலட்சுமி தலையைக் குனிந்துகொண்டார். கறையைக் கண்டதிலிருந்து அவர் மனைவியிடம் பேசியது அது ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது. வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக்கூடப் பேசாமல்தான் நகர்த்தினாராம்.

பாய் எழுந்து வந்தார். "தப்பு யாருதுன்னு அப்பறம் பாக்கலாம். கறை எவ்வளவு எறங்கியிருக்குன்னு மொதல்ல பாப்போம்" என்றார். பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி அந்த வட்டத்தின் மேல் விரலை நகர்த்தினார். உதடு அசைந்துகொண்டிருந்தது. பிறகு கண்ணைத் திறந்து தனலட்சுமியிடம், "தங்கச்சி, கோயில்ல எங்கெங்க பொட்டு வெச்சாங்க, வீட்ல எங்க வெச்சீங்க? எல்லாம் சொல்லுங்க. ஒண்ணும் பயப்படாதீங்க" என்றார். தனலட்சுமி ஒவ்வொரு இடமாகக் காட்டினார். சந்தனம் வைத்த இடங்களில் லேசான நிழல்தான், தேய்த்தால் போய்விடும். ஆரத்தி வைத்த இடம்தான் குழி.

அதுவரை வடை தின்றுகொண்டிருந்த நடராசு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இவர் வேறு எதற்கு என்று நினைத்தேன். வண்டியில் இருந்தது அவருடைய சரக்கே இல்லை.

"ஏனுங்கம்மா, அந்த ஆரத்தி எப்புடிக் கலக்குனீங்க?" என்று கேட்டார்.

"தட்டுல தண்ணி, மஞ்சத்தூளு. வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பு கொஞ்சம். செவக்குற வரைக்கும்."

"ஒருக்கா கலக்கிக் காட்டுங். எனக்குக் கண்ணுல பாக்கோணும்."

எதிர்ப் பெட்டிக்கடையில் மஞ்சளும் சுண்ணாம்பும் வாங்கி வந்தோம். பழகிப் பார்ப்பதற்கென்று எங்களிடம் ஒரு பழைய பானெட் இருந்தது. அதில் நடராசு காலையிலேயே தன் கோட்டிங்கைப் பூசி வைத்திருந்தார். அதை வெயிலில் எடுத்துப் போட்டார். தனலட்சுமி தயங்கித் தயங்கி எவர்சில்வர் தட்டில் கரைத்தார். மஞ்சள் தண்ணீர் திடீரென்று ரத்தச் சிவப்பானது. ஒரு பக்கத்தில் ஒரு பொட்டு, தள்ளி இன்னொரு பொட்டு வைக்கச் சொன்னார் நடராசு. முதல் பொட்டைக் கொஞ்ச நேரத்திலேயே ஈரத் துணியால் ஒற்றி எடுத்தார். தேய்க்கவில்லை, ஒற்றினார். இன்னொன்றை அப்படியே வெயிலில் விட்டார்.

அது காய்வதற்குள் நான் வண்டியைத் தொட்டாக வேண்டும். புது வண்டி. பெயின்ட்டின் மேல் இருக்கிற கண்ணாடிப் பூச்சு தாளை விட மெல்லியது. கறை அதையும் தாண்டி இறங்கியிருந்தால் நான் எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தேய்க்கத் தேய்க்கக் கீழே உள்ள நிறம் வந்துவிடும். வந்துவிட்டால் பானெட் முழுக்கப் பெயின்ட் அடிக்க வேண்டும். பெயின்ட் அடித்த புது வண்டியை முருகேசன் ஆயுசுக்கும் மனைவிக்குச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருப்பார்.

ஓரங்களுக்கு டேப் ஒட்டினேன். மிக மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, விரலால் இல்லாமல் கட்டையில் சுற்றி, ஒரே திசையில் இழுத்தேன். வெள்ளையாகப் பால் வந்தது. துடைத்தேன், விளக்கை வைத்துப் பார்த்தேன், மறுபடி இழுத்தேன். பிறகு மெஷினைப் போட்டேன். மெஷின் ஓடத் தொடங்கினால் எனக்குத் தூக்கமும் விழிப்பும் இல்லாத ஒரு நிலை வந்துவிடும். கை மட்டும் போகும். அன்றும் வந்தது. வட்டத்துக்குள் சிவப்புத் தண்ணீர், அதற்குள் கோயில் கோபுரம், கொள்ளிடத்து மணல், கோழியை விரட்டிக்கொண்டு வெயிலில் நிற்கிற ஒரு பெண்பிள்ளை. சூடு ஏறுகிறது என்று விரல் சொன்னது, நிறுத்தினேன். கோடுகள் போயிருந்தன. வட்டத்தின் விளிம்பு மட்டும் நூலளவுக்குத் தெரிந்தது.

போதும் என்று சொல்லிவிடலாம். வெயிலில் பார்த்தால் தெரியாது. நிமிர்ந்து பாயைப் பார்த்தேன்.

"இன்னொரு தடவ பாப்பமா?" என்றார்.

மெஷினில் மெல்லிய பஞ்சு வட்டை மாட்டி, வேகத்தைக் குறைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு இன்னொரு சுற்று வந்தேன். துடைத்துவிட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லை. நீலம் மட்டும் இருந்தது, அதில் ஷெட்டின் கூரை, கூரையின் ஓட்டை வழியாக ஒரு துண்டு வானம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. துணியால் முகத்தைத் துடைப்பதாகப் பாவனை செய்தேன்.

வெளியே பழைய பானெட்டின் பொட்டும் காய்ந்திருந்தது. நடராசு அதைக் கழுவினார். ஒற்றி எடுத்த இடம் சுத்தம். வெயிலில் விட்ட இடத்தில் வட்டம் பதிந்திருந்தது. அவர் அதை மறைக்கவில்லை. விரலால் தடவிப் பார்த்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டார்.

"பாத்துக்கங்க. எங்க மருந்தும் தாங்கலீங்க" என்றார். சரக்கு விற்க வந்த ஒருவர், போட்டிக்காரன் பக்கத்தில் நிற்க, இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. விக்னேஷ் தன் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

நடராசு தனலட்சுமியிடம் திரும்பினார். "அம்மா, நீங்க ஒரு தப்பும் பண்ணலீங்க. தண்ணி படக்கூடாதுன்னு சொன்னாங்க, நீங்க காப்பாத்துனீங்க. பொட்டு வெச்சா ஈரத்துணியில ஒத்தி எடுத்துருங்கன்னு ஒரு வார்த்த நாங்கதான் சொல்லியிருக்கோணும். புது வண்டிக்குப் பொட்டு வெக்காத வீடு எங்கீங்க இருக்குது? எங்க வூட்லயும்தான் வெக்கறாங்க. இத்தன வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன், எனக்கே இன்னைக்குத்தான் தோணுது. தப்பு எங்க தொழில்காரங்களுதுங்க."

தனலட்சுமி மஞ்சள் ஒட்டிய விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து கணவரைப் பார்த்தார்.

"கேட்டுக்கிட்டீங்களா? இப்பவாச்சும் எங்கிட்ட பேசுங்க."

முருகேசன் காரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், சாலையில் போன சிமென்ட் லாரி ஒன்றைக் கடைசி வரை பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடலல்ல நீ" என்றார். "வா, டிபன் வாங்கித் தரேன்."

தனலட்சுமி அழுதுகொண்டே சிரித்தார். இருவரும் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்க ஓட்டலுக்குப் போனார்கள். அவர் முன்னால், இவர் பின்னால். நடுச்சாலையில் லாரி ஒன்று வர, அவர் நின்று கையைப் பின்னால் நீட்டினார்.

சாயந்திரம் எல்லோரும் போன பிறகு பாய் என்னிடம், "கம்பெனி எதும்மா?" என்று கேட்டார்.

"கோயம்புத்தூர்" என்றேன்.

"சென்னக்காரன் பளபளப்பு நல்லாருக்குன்னு சொன்னியே."

"பளபளப்ப நான் கொண்டாந்துருவேன் பாய். அந்த அம்மாகிட்ட அவரு சொன்னத நான் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல. அத அவருகிட்டதான் கத்துக்கணும்."

பாய் டீ கிளாஸை எடுத்து ஓரமாக வைத்தார். "இன்ஷா அல்லாஹ், நாளைக்கே போன் போட்டுச் சொல்லிரு" என்றார்.